மூன்று 'ஹ'

மழை விடிந்ததிலிருந்தே விடவில்லை. சிரோ மெதா ஏற்றத்தில் மினிபஸ் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட, மெஸ்கெரெமும் அவள் கணவன் பின்யாமும் இறங்கி ஒற்றைக் குடைக்குள் தோள் இடிக்க நடந்தார்கள்.

"உங்க அத்தை கதவைத் திறப்பாங்களா?" என்றான் பின்யாம்.

"எனக்குத் திறப்பாங்க. அப்பா பேரைச் சொன்னா மூடிடுவாங்க."

"அப்போ யார் பேரைச் சொல்றது?"

"உங்க பேரைச் சொல்லுங்க. மாப்பிள்ளைன்னா அவங்களுக்கு ஒரு இளக்காரம். சிரிச்சுக்கிட்டே திறப்பாங்க."

அவள் குரலில் கேலி இருந்தது. முகத்தில் இல்லை. இன்று மாலை நாலு மணிக்குள் அச்சகத்துக்குப் பக்கங்கள் போயாக வேண்டும்.

மெஸ்கெரெமின் அப்பா டாக்டர் தெஃபெரா தன் வேலைக்காலம் முழுக்க ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தவர். நோயாளி தன் வலியை எந்தச் சொல்லால் சொல்கிறானோ அந்தச் சொல்லை அப்படியே எழுதி வைப்பது. வயிற்றைக் கத்தியால் அறுப்பது போல வந்தால் குர்த்தெத். விலாவில் ஈட்டி இறங்கினால் வுகாத். வியர்த்த உடம்பில் வெயில் பட்டு உதடு பொரிந்தால் மிச். தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. கட்டிலுக்கு முன்னால் பேந்தப் பேந்த நிற்பார்கள். அவர்களுக்காக இந்த அகராதியை அச்சிட மருத்துவக் கல்லூரி ஒருவழியாக ஒப்புக்கொண்டிருந்தது. மெஸ்கெரெம் பக்கம் அமைக்கும் வேலை பார்க்கிற அராத் கிலோ அச்சகத்தில்தான் அச்சடிப்பு. இன்று தவறினால் பள்ளிக்கூடப் பாடப்புத்தகங்கள் இயந்திரத்தில் ஏறிவிடும். அப்புறம் மழைக்காலம் முடிந்து, புத்தாண்டும் கழிந்துதான் கிடைக்கும். அதற்குள் பிள்ளைகள் வார்டுக்குப் போயிருப்பார்கள்.

அகராதி இருந்தது. திறக்கத்தான் முடியவில்லை.

டாக்டர் அதை ஷெம்பெகோ என்ற பழைய எழுத்துச் செயலியில் அடித்து வைத்திருந்தார். கல்லூரிக் கணினி அறையிலிருந்து எப்போதோ அவருக்குக் கிடைத்த கிழட்டுக் கணினி இந்த மழைக்காலத்தின் முதல் இடியோடு போய்ச் சேர்ந்தது. மெர்காத்தோ சந்தையில் ஒரு கடைக்காரன் ஃப்ளாப்பியிலிருந்து கோப்பைப் பென் டிரைவுக்கு மாற்றிக் கொடுத்தான். அச்சகக் கணினியில் அது வெறும் கட்டம் கட்டமாக வந்தது. கல்லூரி லேப்டாப்பில், தவழும் குழந்தை விசைப்பலகை மேல் ஏறிப் போனது போல வெள்ளைக்கார எழுத்துக்கள் கொட்டின. மெஸ்கெரெமின் டேப்லெட் தொடவே மறுத்தது. பின்யாமின் போன் மட்டும் ஏதோ ஒரு செயலியை இறக்கித் திறந்து காட்டியது. அம்ஹாரிக் எழுத்துக்கள் அங்கங்கே தலைகாட்டின. சொற்கள்தான் ஒன்றும் சேரவில்லை.

ஷெம்பெகோவை எழுதியவள் லகெச். தெஃபெராவின் தங்கை. பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த நாட்டில் யாரும் கேட்காமலே, தனியாக உட்கார்ந்து எழுதினாள். அண்ணனும் தங்கையும் பேசி கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. கல்யாணமோ சாவோ, பந்தலில் ஒருவர் இந்த முனை, மற்றவர் அந்த முனை.

சண்டைக்குக் காரணம் வீடு இல்லை, நிலம் இல்லை. எழுத்து.

அம்ஹாரிக்கில் 'ஹ' மூன்று உண்டு. கிண்ணம் போல ஒன்று, மூன்று கால் வைத்து ஒன்று, கொக்கி போல ஒன்று. மூன்றுக்கும் இன்று சத்தம் ஒன்றுதான். 'ஸ'விலும் அப்படித்தான், ராஜா 'ஸ' என்றும் நெருப்பு 'ஸ' என்றும் இரண்டு. அன்றைய கணினியில் இடமே கொஞ்சம். இருநூறுக்கு மேற்பட்ட எழுத்துக்களை அதில் திணிக்க வேண்டும். லகெச் ஒரே சத்தமுள்ள எழுத்துக்களுக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டாள். திரையில் கிண்ண 'ஹ' மட்டும்தான் வரும்.

அவள் அதைக் காட்டிய அன்று தெஃபெரா சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துவிட்டார். "ஹக்கிம்ங்கிற டாக்டருக்கு மூணு கால் ஹ. ஹோத்ங்கிற வயித்துக்குக் கிண்ண ஹ. ஹைல்ங்கிற பலத்துக்குக் கொக்கி ஹ. டாக்டரையும் வயித்தையும் பலத்தையும் ஒண்ணாப் போட்டுப் பிசைய நீ யாருடீ?"

லகெச்சும் சளைக்கவில்லை. "அவ்வளவு ரோஷம்னா உன் எழுத்துக்கு நீயே ஒரு பெட்டி செஞ்சுக்கோ."

அதுதான் கடைசிப் பேச்சு.

கதவு திறந்தது. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டி, ஆண்பிள்ளை ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு லகெச் நின்றாள். லேப்டாப்போடு சதுரங்கம் ஆடித் தோற்றுக்கொண்டிருந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது.

"வாங்க மாப்பிள்ளை. என்ன, என் மருமகளைப் பாதி நனைய விட்டிருக்கீங்க?"

"குடை சின்னது அத்தை."

"மனசு?"

மூன்று முறை கன்னத்தோடு கன்னம் வைத்துத்தான் உள்ளே விட்டாள். மெஸ்கெரெம் சுற்றி வளைக்கவில்லை. பின்யாமின் போனை எடுத்து நீட்டினாள்.

"அத்தை, இது ஷெம்பெகோ ஃபைல். திறக்க மாட்டேங்குது. ஒரு டாக்டரோடது."

"பேர் இல்லாத டாக்டரா?"

மெஸ்கெரெம் தரையைப் பார்த்தாள்.

"ஷெம்பெகோவுல இன்னும் எழுதுற டாக்டர் இந்த ஊர்ல ஒருத்தர்தான் இருக்க முடியும்" என்றாள் லகெச். "அவரா அனுப்பினார்?"

"இல்ல அத்தை. நாங்க வந்தது அவருக்குத் தெரியாது."

லகெச் "ம்" என்றாள். அந்த 'ம்'மில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று மெஸ்கெரெமால் பிரிக்க முடியவில்லை. ஆனால் கை நீண்டு போனை வாங்கிக்கொண்டது. கோப்பை லேப்டாப்புக்கு மாற்றி, எழுத்தாக இல்லாமல் வெறும் எண்களாகத் திரையில் விரித்தாள். எறும்பு வரிசை மாதிரி எண்கள் ஊர்ந்தன. கொஞ்ச நேரம் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"தலை எங்கே?"

"என்ன அத்தை?"

"ஷெம்பெகோ ஃபைல் எல்லாத்துக்கும் தலையில ஒரு மச்சம் வெச்சிருக்கேன். பேரோட முதல் எழுத்துக்கள். இதுல அது இல்ல." அவள் பின்யாம் பக்கம் திரும்பினாள். "மாப்பிள்ளை, போன்ல திறந்து பார்த்ததோட விட்டீங்களா, இல்ல சேமிச்சீங்களா?"

"கேட்டுச்சு... சேமிக்கட்டுமான்னு. சேமிச்சா நல்லதுதானேன்னு..."

"மீனைக் கழுவறேன்னு தலையையும் சேர்த்து வெட்டிட்டீங்க. உங்க போன் தனக்குப் புரியாததையெல்லாம் அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சிருக்கு. இது ஆகாது. மூலம் வேணும்."

பின்யாம் வங்கியில் கணினிப் பிரிவில் இருக்கிறவன். காது வரை சிவந்துபோனான். மெஸ்கெரெமுக்கு வேறு கவலை. மூலம் பென் டிரைவில் இருக்கிறது. பென் டிரைவ் அப்பாவின் கழுத்தில், சிலுவைக் கயிற்றோடு சேர்ந்து தொங்குகிறது. குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

வேறு வழியில்லை. போன் போட்டாள்.

"அப்பா, பென் டிரைவ் வேணும். இப்பவே. இவர் டாக்ஸி பிடிச்சு வருவார், கொடுத்து அனுப்புங்க."

"யாரு கேக்குறா?"

"அச்சகத்துக்குத்தான்..."

"மெஸ்கி. யாரு கேக்குறா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அத்தை."

எதிர்ப்பக்கம் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. இந்தப் பக்கம் லகெச் சதுரங்கப் பலகையைத் திரையில் வைத்து, ஒரு காயைக்கூட நகர்த்தாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொடுத்து அனுப்ப மாட்டேன்" என்றார் தெஃபெரா.

"அப்பா! நாலு மணிக்குள்ள..."

"கொடுத்து அனுப்ப மாட்டேன்னுதானே சொன்னேன். எடுத்துக்கிட்டு வர்றேன்."

மெஸ்கெரெம் போனை வைத்துவிட்டுத் திரும்பினபோது லகெச் எழுந்து சமையலறைக்குப் போயிருந்தாள். காபிக்கொட்டையைக் கழுவும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் கடையில் வாங்கின தூளைக் கரைத்துக் கொடுத்து அனுப்புகிறவள். இன்று பச்சைக்கொட்டையை எடுத்திருந்தாள்.

தெஃபெரா வந்து சேர்ந்தபோது கொட்டை வறுபடும் புகை வீடு முழுக்கப் பரவியிருந்தது. வாசலில் செருப்புச் சேற்றைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். துடைக்க இன்னும் சேறு இருந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பார் போலிருந்தது. உயரமான மனிதர், இப்போது சற்றே கூன். உள்ளே வந்தவர் தங்கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் தலையை லேசாகக் குனிந்தார். லகெச்சும் அதே சுவருக்குப் பதில் வணக்கம் வைத்தாள்.

"மெஸ்கி" என்றார், "இவங்களுக்கு இதைத் திறக்கத் தெரியுமான்னு கேளு."

"மெஸ்கி" என்றாள் லகெச், "பெத்தவகிட்ட வந்து பிள்ளையைத் தூக்கத் தெரியுமான்னு கேக்குறார். ஆமான்னு சொல்லு."

மெஸ்கெரெம் இரண்டு பேருக்கும் காபியை ஊற்றினாள்.

பென் டிரைவ் லேப்டாப்பில் ஏறியது. எண்கள் விரிந்தன. முதல் வரியிலேயே மச்சம் இருந்தது. லகெச்சின் முகம் ஒரு கணம் இளகியதை மெஸ்கெரெம் பார்த்தாள். தான் எப்போதோ எழுதியது, இத்தனை வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, மழையில் நனையாமல் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. பழைய ஷெம்பெகோவையே புது லேப்டாப்புக்குள் ஓட வைக்கிற வித்தை அவளிடம் இருந்தது. கறுப்புத் திரை எழுந்தது. பச்சை எழுத்துக்கள் வரிசை கட்டி நின்றன.

சொற்கள். முழுச் சொற்கள்.

"வந்துடுச்சு!" என்று பின்யாம் எழுந்தே விட்டான். மெஸ்கெரெம் அப்பாவின் கையைப் பிடித்தாள்.

தெஃபெரா குனிந்து முதல் பக்கத்தைப் படித்தார். அவர் கை அவள் கைக்குள் இறுகியது.

"மெஸ்கி. இது என் அகராதி இல்லைன்னு சொல்லு."

"அப்பா, உங்க சொல்லுதானே எல்லாம்?"

"ஹக்கிமைப் பாரு. கிண்ண ஹ போட்டிருக்கு. நான் மூணு கால் போட்டேன். ஹைல் பாரு, அதுலயும் கிண்ணம். நான் உயிர் போனாலும் இப்படி எழுத மாட்டேன்."

லகெச் நாற்காலியோடு திரும்பினாள். "எந்திரம் பொய் சொல்லாதுன்னு சொல்லு மெஸ்கி. உள்ள என்ன இருக்கோ அதைத்தான் காட்டும்."

"உள்ள நான் வெச்சது மூணு காலுன்னு சொல்லு."

"ஷெம்பெகோவுல மூணு காலே கிடையாதுன்னு சொல்லு. அதுக்குத்தானே தட்டைத் தள்ளிட்டுப் போனாரு!"

"நான் தட்டைத் தள்ளலைன்னு சொல்லு. எழுந்தேன். அவ்வளவுதான்."

"எனக்கு வாயே வலிக்குது" என்றாள் மெஸ்கெரெம். "நீங்களே பேசிக்கக் கூடாதா?"

சுவரில் கடிகாரம் மதியத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. இப்படியே அச்சுக்கு அனுப்பலாமா என்று கேட்க மெஸ்கெரெமுக்கு நாக்கு வரை வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டாள். அந்த மனிதர் ஒரு நோயாளியின் வலிக்கு எது சரியான சொல் என்று உறுதிப்படுத்த மூன்று மாவட்டம் போய் வந்தவர். தப்பெழுத்தில் அச்சான ஆயிரம் பிரதியைவிட, அச்சாகாத ஒன்றே மேல் என்பார்.

இத்தனை நேரமும் பின்யாம் ஒரு மூலையில் தன் போனையும் லேப்டாப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். செய்த தப்பை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும் என்ற தவிப்பு அவனுக்கு.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா? மாமாவோட ஃபைல்ல பதினாலுன்னு ஒரு எண் அடிக்கடி வருது. என் போன் சேமிச்சதுல ஒரு பதினாலுகூட இல்ல. துடைச்சுப் போட்டிருக்கு. ஹக்கிம்ல ஹவுக்கு முன்னாடி ஒரு பதினாலு. ஹைல்ல ஹவுக்கு முன்னாடி ரெண்டு பதினாலு. ஹோத்ல ஒண்ணும் இல்ல."

லகெச் அசையவில்லை.

"என்ன எண் சொன்னீங்க?"

"பதினாலு."

அவள் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணாடி இல்லாத அந்த முகத்தில் வயது போய், யாரோ ஒரு இளம்பெண் எட்டிப் பார்த்தாள்.

"இது மூணாவது ஷெம்பெகோ" என்றாள். "நான் விக்கவே இல்லாத ஷெம்பெகோ."

அவளே தொடர்ந்தாள், யாரையும் பார்க்காமல்.

சண்டை நடந்த மறுவருஷம் அவளால் தூங்க முடியாமல் போயிற்று. அண்ணன் சொன்னது கணக்காக அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு எண், மூன்று எழுத்து. எண்ணைக் கூட்ட இடமில்லை. ஒரு நாள் வழி கிடைத்தது. எழுத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி, அதற்கு எண் பதினாலு. குறி இல்லாவிட்டால் முதல் எழுத்து. ஒரு குறி என்றால் இரண்டாவது. இரண்டு குறி என்றால் மூன்றாவது. ஹ விசையை ஒருமுறை தட்டினால் கிண்ணம், இருமுறை தட்டினால் மூன்று கால், மும்முறை தட்டினால் கொக்கி. ராஜா ஸவும் வந்தது, நெருப்பு ஸவும் வந்தது. இடமே கூட்டாமல் எல்லா எழுத்தும் உள்ளே வந்துவிட்டன. அதை அவள் யாருக்கும் விற்கவில்லை. பதிப்பு எண்ணைக்கூட மாற்றவில்லை. மருத்துவக் கல்லூரிக் கணினி அறைக்கு மட்டும் கொண்டுபோய், பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"கல்லூரிக்கு மட்டும் ஏன் அத்தை?" என்றாள் மெஸ்கெரெம்.

பதில் சொன்னது தெஃபெரா. மெஸ்கெரெமிடம் இல்லை. நேராக, தங்கையின் முகத்தைப் பார்த்து.

"ஒரு நாள் காலையில வார்டு முடிஞ்சு வந்து உக்காந்தேன். கை தவறி ஹவை ரெண்டு தடவை தட்டிட்டேன். மூணு கால் வந்து நின்னுது. யாரும் சொல்லலை. அதுவா வந்து நின்னுது. கதவைச் சாத்திட்டு ரொம்ப நேரம் அழுதேன், லகெச்."

"சொல்லியிருக்கலாம்ல அண்ணா?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"நான் ஏன் சொல்லணும்? எழுந்து போனது நீ."

"அதான் அதுக்கப்புறம் ஒரு வரிகூட வேற எதுலயும் எழுதலையே. மாணவனுங்க சிரிச்சானுங்க. புதுசு வாங்கிக்கோங்க டாக்டர், அழகா இருக்கும்னானுங்க. இதைவிட அழகா எவன் செஞ்சிருக்கான்னு கேட்டேன்."

லகெச் சட்டென்று லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "மாப்பிள்ளை, பக்கத்துல வந்து உக்காருங்க" என்றாள். "பதினாலைக் கண்டுபிடிச்சது நீங்க. கூடவே இருங்க. இன்னும் வேலை இருக்கு."

அதற்குப் பிறகு நடந்ததை மெஸ்கெரெம் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தையின் மூன்றாவது ஷெம்பெகோ இப்போது எங்கும் இல்லை. ஆகவே அதன் எண்ணை எல்லாம் இன்றைய கணினிக்குப் புரிகிற எழுத்தாக மாற்றும் சின்னச் செயலி ஒன்றை அங்கேயே எழுத வேண்டும். லகெச் சொல்லச் சொல்லப் பின்யாம் சரிபார்த்தான். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று அவள் எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போனாள். இடையில் மின்சாரம் போயிற்று. யாரும் நிமிரக்கூட இல்லை. லேப்டாப் வெளிச்சத்தில் இரண்டு முகங்கள் மட்டும் தெரிந்தன.

தெஃபெரா சமையலறைக்குள் போனார். அவருக்கு அந்த வீட்டில் எது எங்கே என்று தெரியாது. பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு ஷிரோக் குழம்பைச் சூடாக்கி, புளித்த தோசை மாதிரியான இஞ்ஜெரா மேல் ஊற்றித் தட்டோடு வந்தார். தங்கை பக்கத்தில் நின்றார்.

"அப்புறம் சாப்பிடறேன்" என்றாள் அவள், விசைகளிலிருந்து கையை எடுக்காமல்.

அவர் ஒரு வாய் பிய்த்து, உருட்டி, அவள் வாயருகே நீட்டினார். "என் சாவு மேல சத்தியம், வாயைத் திற."

திறந்தாள். வாய் நிறைய ஊட்டியதில் கன்னம் உப்பியது. மென்றுகொண்டே அவள் விரல் காட்டினாள், இன்னொன்று என்று. ஒரு வாய் ஊட்டினால் சண்டை வரும், இரண்டாவது வாய்தான் உறவு என்பது அந்த ஊர் வழக்கு. தெஃபெரா இரண்டாவதையும் ஊட்டினார். மூன்றாவதைப் பின்யாமுக்குக் கொடுத்தார். பாவம், அவனும் வேலைதானே பார்க்கிறான்.

"ஓட விடட்டுமா?" என்றான் பின்யாம், வாயில் கவளத்தோடு.

லகெச் தலையாட்டினாள். அவன் விசையைத் தட்டினான்.

இந்தத் தடவை எழுத்துக்கள் கறுப்புத் திரையில் வரவில்லை. சாதாரண வெள்ளைப் பக்கத்தில், அச்சகத்தில் மெஸ்கெரெம் தினமும் பார்க்கிற எழுத்தில் வந்தன. ஹக்கிம் மூன்று காலில் நின்றார். ஹோத் கிண்ணத்தில் இருந்தது. ஹைல் கொக்கியில். மெஸ்கெரெம் கோப்பைத் தன் போனுக்கு அனுப்பித் திறந்தாள். திறந்தது. பின்யாமின் போனில் திறந்தது. டேப்லெட்டிலும் திறந்தது. ஒவ்வொன்றிலும் அதே எழுத்து, அதே இடத்தில். தெஃபெரா ஒவ்வொரு திரையையும் தனித்தனியாக வாங்கிப் பார்த்தார். ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை.

"பாரு லகெச்" என்றார், "நீ அன்னிக்கு ராத்திரி தூங்காம செஞ்சது இன்னிக்கு இவ்வளவு சின்னப் போனுக்குள்ளயும் ஏறிடுச்சு."

"நீ ரெண்டு தடவை தட்டினதாலதான்" என்றாள் அவள்.

மெஸ்கெரெம் போனிலேயே இணையத்தை இழுத்து அச்சகத்துக்குப் பக்கங்களை அனுப்பினாள். மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. அச்சக மேலாளர் கெடச்சோ உடனே கூப்பிட்டார்.

"மெஸ்கெரெம், அருமை, கச்சிதமா வந்திருக்கு. இன்னிக்கு ராத்திரியே ஏத்திடறேன். ஆனா நடுவுல ஒரு பகுதி வெறும் வெள்ளையா இருக்கே? அழுத்தக் கவுல ஆரம்பிக்கிற சொல் ஒண்ணுகூட இல்லையேம்மா."

பின்யாம் அந்த இடத்து எண்களுக்குப் போனான். சுழியம். சுழியம். திரை முழுக்கச் சுழியம்.

"மெர்காத்தோ கடையில ஃப்ளாப்பி அந்த இடத்துல படிக்க வரலை போல. படிக்க முடியாததுக்குச் சுழியம் போட்டு நிரப்பிட்டாங்க" என்றான்.

"ஃப்ளாப்பி?" என்றாள் லகெச்.

தெஃபெரா சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே தட்டில் வட்டமாக ஒரு கீறல், நகம் நுழைகிற ஆழத்துக்கு. லகெச் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். அந்த இடத்தை இனி எந்த எந்திரமும் படிக்காது.

"அந்தப் பகுதி இல்லாமலே போடட்டுமா டாக்டர்?" என்று கெடச்சோ போனில் கேட்டார்.

"குர்த்தெத் அதுலதான் இருக்கு" என்றார் தெஃபெரா. "வார்டுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் அதைச் சொல்லிக்கிட்டுத்தான் வர்றாங்க. அது இல்லாத புத்தகத்தை வெச்சுக்கிட்டு ஒரு பிள்ளை என்ன பண்ணும்?"

"மத்ததை அடிச்சுட்டு, அந்த ஒரு பகுதிக்கு மட்டும் நாளைக்குக் காலை வரைக்கும் இடம் விட்டு வைக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

போன் அணைந்தது. மழை விட்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து சொட்டுச் சத்தம் மட்டும்.

"அச்செடுத்த தாள் ஏதாவது?" என்றாள் மெஸ்கெரெம்.

"மாணவனுங்க பிச்சுப் பிச்சு எடுத்துட்டுப் போயிட்டானுங்க." தெஃபெரா காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். ஏதோ சொல்ல வந்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். "இன்னொரு பிரதி இருக்கு. ஆறு வருஷத்துக்கு முந்தினது. அதுக்கப்புறம் சேர்த்த சொல்லெல்லாம் அதுல இருக்காது. ஆனா இந்தக் க எழுத்தை அப்பவே முடிச்சுட்டேன்."

"யார்கிட்ட இருக்கு?" என்றாள் லகெச்.

"உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அண்ணா."

"நத்னாயெல்கிட்ட."

நத்னாயெல் லகெச்சின் ஒரே மகன். தூரத்து ஊரான ஜிம்மாவில் டாக்டர். மாமா வீட்டு வாசல்படியைக்கூட மிதித்ததில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தவன். ஞாயிறு தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்து, சாப்பாடு, மழை, கால்பந்து என்று எல்லாம் பேசுகிறவன்.

"படிக்கிற காலத்துல வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என் வார்டுக்கு வருவான்" என்றார் தெஃபெரா. "கட்டில் கட்டிலாக் கூடவே நடப்பான். இந்த அகராதியில பாதிச் சொல் அவன் காதுல விழுந்தது. அம்மா மனசு கஷ்டப்படும், சொல்லாதீங்க மாமான்னான். போகும்போது ஒரு பிரதி கேட்டான். திறக்க முடியாதேடான்னேன். பரவாயில்ல, இருக்கட்டும்னான்."

லகெச்சின் முகத்தில் கோபம் வருமோ என்று மெஸ்கெரெம் பயந்தாள். வரவில்லை. உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பின் ஆரம்பமா, வேறு எதன் ஆரம்பமா என்று யாருக்கும் தெரியவில்லை.

போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தாள். மணி அடித்தது. ஆஸ்பத்திரிச் சந்தடிக்கு நடுவில் ஒரு குரல் எடுத்தது.

"அம்மா? இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே... உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன்டா" என்றாள் லகெச், அண்ணனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு. "உன் மாமா என் பக்கத்துல உக்காந்திருக்கார். உன்கிட்ட க எழுத்து இருக்கான்னு கேக்குறார்."

எதிர்முனையில் சந்தடி இருந்தது. பிறகு அவன் குரல் வந்தது. "இருக்கும்மா. திறக்கத்தான் முடியலை."